வாழைப்பழ உறைக்குள் இருந்த இசை: சோதனை ராக்கும் ஓர் ஆல்பம் பெற்ற வரவேற்பும்

ராக் இசையைப் பற்றிய கட்டுரைகளில் சில குழுக்களைச் ‘சோதனைக் குழுக்கள்’ என்று குறிப்பிடுவதை அடிக்கடி காணலாம். இந்த இசைக்குப் புதியவர்களுக்கு, காதால் கேட்க முடியாத இரைச்சலுக்குச் சூட்டிய மரியாதையான பெயர்தானோ இது என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. இந்தப் பெயரின் நிழலில் ஒதுங்கிய வெற்று இரைச்சல்களும் உண்டு. ஆனாலும், உண்மையான சோதனை என்பது திட்டவட்டமான ஒரு செயல். எந்தக் காலத்துப் பாடலுக்கும் பேசாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட சில ஏற்பாடுகள் உண்டு. பாடல் மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும், பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும், தாளம் ஒரே காலப்பிரமாணத்தில் செல்ல வேண்டும், பாடகரின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் தெளிவாக நிற்க வேண்டும், கருவிகள் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பவை 1960களின் அமெரிக்கப் பாடல்களுக்கு இருந்த ஏற்பாடுகள். இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ வேண்டுமென்றே எடுத்துவிட்டு, அதன் பிறகும் பாடல் பாடலாக நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனைக் குழுவின் வேலை. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் அது வேறு கலையாகிவிடும். எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்ற தேர்வில்தான் திறமை வெளிப்படுகிறது.

இதை விளக்க மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, நியூயார்க்கைச் சேர்ந்த ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ குழுவின் முதல் ஆல்பம். ஜெர்மானியப் பாடகி நிக்கோவுடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ’ 1967 மார்ச்சில் வெளிவந்தது. உறையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்த ஒற்றை வாழைப்பழம் இருந்ததால் அதை வாழைப்பழ ஆல்பம் என்றே பலரும் அழைக்கிறார்கள். இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. வெளிவந்தபோது உலகமே இதைத் தூற்றியது, பிறகு அதே உலகம் இதைக் கொண்டாடியது என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் நடந்தது அப்படியல்ல. 1967இல் இந்த ஆல்பம் சந்தித்தது பெரும்பாலும் மௌனத்தை. தூற்றலுக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், ஒரு படைப்புக்குக் கிடைக்கும் வரவேற்பு எவற்றால் உருவாகிறது என்பது விளங்கும்.

முதலில் இசையைப் பார்ப்போம். குழுவின் மையத்தில் இருவர் இருந்தனர். இருவரும் 1942இல் பிறந்தவர்கள். லூ ரீட் நியூயார்க்கில் பிறந்து, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் டெல்மோர் ஷ்வார்ட்ஸ் என்ற கவிஞரிடம் பயின்றவர். படிப்பு முடிந்ததும் பிக்விக் என்ற மலிவு விலை இசைத்தட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாட்டெழுதினார். சந்தையில் எந்தப் பாணி ஓடுகிறதோ அந்தப் பாணியில் அவசர அவசரமாகப் பாடல் செய்து கொடுப்பதே அங்கே வேலை. ஜான் கேல் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்று, உதவித்தொகை பெற்று 1963இல் அமெரிக்கா வந்தவர். வந்த அதே ஆண்டில், பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் சிறிய பியானோ துண்டு ஒன்றை 840 முறை திரும்பத் திரும்ப வாசித்துப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட நிகழ்ச்சியில் அவர் பங்கேற்றார். அதை ஏற்பாடு செய்தவர் அமெரிக்கச் சோதனை இசையமைப்பாளர் ஜான் கேஜ். ஒருவர் சந்தைப் பாட்டின் இலக்கணத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர். மற்றவர் இலக்கணத்தை நீட்டி நீட்டி அது எங்கே அறுகிறது என்று பார்க்கும் கூட்டத்தில் பழகியவர். இந்த ஆல்பத்தின் மொத்த ரகசியமும் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கேல் பழகிய அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் லா மான்ட் யங் என்ற இசையமைப்பாளர். அவருடைய குழுவில் கேல், டோனி கான்ராட் உள்ளிட்டோர் ஒரே சுரத்தையோ, இணைந்து ஒலிக்கும் இரண்டு மூன்று சுரங்களையோ மணிக்கணக்கில் நிறுத்திப் பிடித்து வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ட்ரோன்’ எனப்படும் இந்த உத்தி நமக்குப் புதியதன்று. கச்சேரியில் தம்புரா பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கிறதே, அந்த ஆதார ஸ்ருதியை முன்னால் கொண்டுவந்து, அதையே கச்சேரியாக்கினால் என்ன கிடைக்குமோ அதுதான் அவர்களுடைய இசை. இந்த ஒப்புமை தற்செயலானதும் அன்று. 1950களில் சரோத் மேதை அலி அக்பர் கான் அமெரிக்காவில் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டுத் தம்புராவின் நாதத்தில் மயங்கியதாக யங் பலமுறை கூறியிருக்கிறார். 1970இல் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்துக்குச் சீடராகவும் ஆனார். ஆனால் ஸ்ருதி சேர்ப்பதற்கு நியூயார்க் இளைஞர்கள் கையாண்ட வழி வேறு. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி கொண்டது. அதனால் அங்கே மின்கருவிகளிலிருந்து மாறாத ரீங்காரம் ஒன்று எழும். தங்களுக்குக் கிடைத்த ஸ்ருதிகளில் மிக நிலையானது குளிர்சாதனப் பெட்டியின் அந்த ரீங்காரமே என்பதால் அதற்கே கருவிகளைச் சேர்த்துக்கொண்டதாகக் கேல் பின்னர் நினைவுகூர்ந்தார்.

ரீட், கேல் சந்திப்பும் இதே ஸ்ருதியால் நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. 1964இல் ரீட் பிக்விக் நிறுவனத்துக்காகச் செய்த ‘தி ஆஸ்ட்ரிச்’ என்ற நடனப் பாடலில் கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்குச் சேர்த்திருந்தார். அந்தப் பாடலை மேடைகளில் வாசிக்க அவசரமாக ஆள் சேர்த்தபோது கேலும் கான்ராடும் வந்தார்கள். கூலிக்கு வாசிக்க வந்த இடத்தில், தாங்கள் தவம்போலச் செய்துவந்த காரியத்தை யாரோ ஒரு சந்தைப் பாட்டுக்காரர் நகைச்சுவைப் பாடலில் செய்து வைத்திருப்பதைக் கண்டு இருவரும் வியந்துபோனார்கள். ரீடும் கேலும் சேர்ந்து குழு அமைக்க அதுவே வித்தாயிற்று. கிட்டாரிஸ்ட் ஸ்டெர்லிங் மாரிசன் சேர்ந்தார். 1965இன் இறுதியில் டிரம்ஸ் வாசிக்க மாரீன் டக்கர் வந்தார்.

டக்கரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இக்குழுவின் சோதனை எளிமையாகவும் தெளிவாகவும் தெரிவது அவரிடத்தில்தான். வழக்கமான டிரம்ஸ் வாசிப்பாளர் அமர்ந்துகொண்டு, காலால் பெரிய டிரம்மை இயக்கி, கைகளால் சிறிய டிரம்களையும் சிம்பல் எனப்படும் வெண்கலத் தட்டுகளையும் வாசிப்பார். டக்கர் நின்றுகொண்டு வாசித்தார். பெரிய டிரம்மைப் படுக்கவைத்து, குச்சிகளுக்குப் பதில் பெரும்பாலும் உருண்டைத் தலை கொண்ட கொட்டுகோல்களால் அதை அடித்தார். சிம்பல்களைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே விட்டார். சிம்பல் இல்லாவிட்டால் ராக் பாடலின் மேல்தளத்தில் எப்போதும் பரவியிருக்கும் சலசலப்பு மறைந்துவிடுகிறது. அந்த இடம் காலியாகிறது. அங்கே வயோலாவின் கீச்சொலியும் கிட்டாரின் பிசிறும் வந்து குடியேறுகின்றன. ஒரு கருவியை விலக்குவதன் மூலம் மற்றக் கருவிகளுக்கு வேறு குரல் கிடைப்பதை இங்கே கண்கூடாக, அல்ல, காதுகூடாகவே உணரலாம்.

அந்த வயோலா கேலுடையது. வயலினைவிடச் சற்றுப் பெரியதும் கனத்த குரல் கொண்டதுமான இக்கருவியை, பாலமுரளிகிருஷ்ணா கச்சேரிகளில் வாசித்தவர் என்பதால் நம்மில் சிலர் அறிவோம். கேல் அதில் கிட்டார் தந்திகளைப் பூட்டி, தந்திகளைத் தாங்கும் குதிரையைத் தட்டையாகச் செதுக்கி, ஒரே வில் இழுப்பில் பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்படி செய்து, மின் ஒலிபெருக்கியில் இணைத்தார். ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ பாடலின் தொடக்கத்திலிருந்து ஒலிக்கும் அந்த அறுப்பது போன்ற நாதம் இப்படிக் கிடைத்ததுதான். அதே பாடலிலும் ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ பாடலிலும் ரீட் தம் பழைய ஒற்றைச் சுர கிட்டாரை மீண்டும் எடுத்திருக்கிறார். பின்னதில் கேல் வாசிக்கும் பியானோவின் தந்திகளுக்கிடையே காகிதக் கிளிப்புகளைக் கோர்த்துச் செருகியிருந்தார்கள்; ஒவ்வொரு சுரமும் லேசான உலோக அதிர்வுடன் எழுவதற்கு அதுவே காரணம்.

ஆல்பத்தின் நடுத்தூணான ‘ஹெராயின்’ பாடலைத் தனியே கேட்டால் சோதனை ராக் என்பதன் இலக்கணம் முழுவதும் அதில் கிடைத்துவிடும். ஏழு நிமிடத்துக்கும் சற்று அதிகமாக நீளும் இப்பாடலில் இரண்டே இரண்டு கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள். பல்லவி என்று தனியாக எதுவும் இல்லை. கிட்டார் மெல்லத் தொடங்குகிறது, டிரம் இதயத் துடிப்பின் வேகத்தில் சேர்கிறது, பிறகு காலப்பிரமாணம் ஏறுகிறது, உச்சத்தை எட்டியதும் சட்டென்று தளர்ந்து பழைய நிலைக்கு வருகிறது, மீண்டும் ஏறுகிறது. போதை மருந்தை உடலில் ஏற்றிக்கொண்ட ஒருவனின் அனுபவத்தைப் பற்றிய பாடல் இது. அந்த ஏற்ற இறக்கத்தை வரிகள் சொல்வதற்கு முன்பே தாளம் சொல்லிவிடுகிறது. தாளம் சீராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை இங்கே எடுத்திருக்கிறார்கள், எடுத்ததற்குக் காரணமும் இருக்கிறது. இறுதிப் பகுதியில் வயோலா கட்டுமீறிக் கூச்சலிடும்போது, கவனித்துக் கேட்டால், டிரம் சில விநாடிகள் முற்றிலும் நின்றுபோவது தெரியும். அது திட்டமிட்ட நிறுத்தமன்று. ஒலி அவ்வளவு பெருகிவிட்டதில் மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாமல், எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணி டக்கர் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் நிறுத்தாமல் போகவே மீண்டும் தொடங்கினார். அந்தப் பதிவையே வைத்துக்கொண்டார்கள். டக்கருக்கு அது நெடுநாள் உறுத்தியது என்றாலும், கேட்பவருக்கு அந்தச் சில விநாடிகள் பாடலின் பொருளோடு ஒட்டியே அமைந்துவிட்டன.

இவ்வளவும் சொன்னதால் ஆல்பம் முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். முதல் பாடலான ‘சண்டே மார்னிங்’ செலஸ்டா என்ற மணியொலிக் கருவியின் இழைவுடன் தாலாட்டைப்போல் மென்மையாகத் தொடங்குகிறது. நிக்கோ பாடும் மூன்று பாடல்களில் ‘ஃபாம் ஃபட்டால்’, ‘ஐல் பீ யுவர் மிரர்’ இரண்டும் யாரையும் முதல்முறையிலேயே ஈர்த்துவிடும் எளிய மெட்டுகள். அவருடைய கனத்த, உணர்ச்சி காட்டாத குரலில் ஜெர்மானிய உச்சரிப்புடன் அந்த இனிய மெட்டுகள் ஒலிப்பது இன்னொரு வகைச் சோதனை. ‘ரன் ரன் ரன்’, ‘தேர் ஷி கோஸ் அகெய்ன்’ ஆகியவை சாதாரணமான பாடல்கள் என்றே என் காதுக்குப் படுகின்றன. பின்னதன் தொடக்கம் பாடகர் மார்வின் கேயின் பழைய பாடல் ஒன்றிலிருந்து எடுத்தாளப்பட்டது. இறுதியில் வரும் ‘யூரோப்பியன் சன்’ ஏறத்தாழ எட்டு நிமிடம் நீண்டு, ஒரு நிமிடம் பாட்டாகவும் மீதி முழுதும் கட்டற்ற மின்கிட்டார் மோதலாகவும் அமைகிறது. நடுவில் நாற்காலியை இழுக்கும் ஓசையும் தட்டுகள் சரிந்து நொறுங்கும் ஓசையும் வருகின்றன. ராக் பாடல்களின் வரிகளையே வெறுத்த தம் ஆசிரியர் ஷ்வார்ட்ஸுக்கு ரீட் அதைக் காணிக்கையாக்கினார். வரிகள் அதில் மிகக் குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணம் என்பார்கள்.

இனி, இது எப்படி வெளிவந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வரவேற்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1965 டிசம்பரில் ஓர் உணவகத்தில் இவர்கள் வாசிப்பதைக் கேட்ட ஓவியர் ஆண்டி வார்ஹோல் குழுவைத் தம் பொறுப்பில் ஏற்றார். நிக்கோவைச் சேர்த்துக்கொள்ளச் செய்ததும் அவருடைய வட்டமே. அக்காலத்தில் அவர் அமெரிக்காவின் பெயர்பெற்ற, அதே அளவுக்குப் பரிகாசத்துக்கும் ஆளான கலைஞர். 1966 ஏப்ரலில் நியூயார்க்கின் செப்டர் ஒலிப்பதிவுக் கூடத்தில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் விற்பனை அதிகாரியாக இருந்த நார்மன் டால்ஃபின் உதவியுடன், சில நாட்களில் பெரும்பகுதி பதிவாயிற்று. ஆல்பத்தின் தயாரிப்பாளர் என்று வார்ஹோலின் பெயரே இடம்பெற்றது. அவருக்கு ஒலிப்பதிவு நுணுக்கம் எதுவும் தெரியாது. ஆனால் அவர் பெயர் இருந்ததால் கூடத்தில் யாரும் குறுக்கிட்டு ‘இந்த இரைச்சலைக் குறையுங்கள்’ என்று சொல்லவில்லை என்று ரீட் பின்னாளில் கூறினார். தயாரிப்பாளர் செய்யாமல் விட்டதே அவருடைய பங்களிப்பாகிவிட்ட அரிய நிகழ்வு இது.

கொலம்பியாவும் வேறு பெரிய நிறுவனங்களும் அந்தப் பதிவை நிராகரித்தன. இறுதியில் எம்ஜிஎம் நிறுவனத்தின் வெர்வ் பிரிவில் டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாடலைத் தயாரித்தவர் அவர். ஃபிராங்க் ஜாப்பா என்ற இன்னொரு சோதனைக் கலைஞரின் குழுவுக்கும் முதல் ஆல்பத்தை 1966இல் வெளிக்கொண்டு வந்தார். இந்த ஆல்பத்தின் கதையில் வார்ஹோலுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதியாவது வில்சனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். 1966 மே மாதம் ஹாலிவுட்டில் ‘ஹெராயின்’ உட்பட மூன்று பாடல்களை மறுபடி பதிவு செய்ய வைத்தவரும், வானொலிக்கு ஏற்ற பாடல் ஒன்று வேண்டும் என்று நவம்பரில் ‘சண்டே மார்னிங்’ பாடலைப் பெற்றவரும் அவரே.

பதிவு முடிந்த பிறகும் ஆல்பம் உடனே வெளிவரவில்லை. வாழைப்பழத்தின் தோல் ஒரு ஒட்டுப்படம். உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம் தெரியும். ‘மெதுவாக உரித்துப் பாருங்கள்’ என்ற குறிப்பும் பக்கத்தில் அச்சாகியிருந்தது. இதை உருவாக்கத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன, தாமதமும் சேர்ந்தது. முன்னுறையில் வார்ஹோலின் கையெழுத்து இருந்தது, குழுவின் பெயர் இல்லை. கடையில் அதைப் பார்த்தவருக்கு அது ஓவியரின் வேடிக்கைகளில் ஒன்றாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. வெளிவந்து சில வாரங்களில் வேறொரு சிக்கல் முளைத்தது. பின்னுறைப் புகைப்படத்தில் குழுவுக்குப் பின்னால் திரையில் தெரிந்த நடிகர் ஒருவர், தம் உருவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறிப் பணம் கேட்டார். எம்ஜிஎம் பணம் கொடுப்பதற்குப் பதில் ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, அந்த உருவத்தை மறைத்துப் புதிய உறை தயாரித்தது. அது மீண்டும் கடைக்கு வந்தபோது, 1967 ஜூனில் வெளிவந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். போதையும் பாலியல் வக்கிரமும் வெளிப்படையாகப் பேசப்பட்ட பாடல்களை வானொலி நிலையங்கள் தொடவில்லை. பில்போர்டு ஆல்பப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 171ஆம் இடம்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். ராக் ஆல்பங்களைக் கலைப்படைப்புகளாகக் கருதி விரிவாக மதிப்பிடும் பழக்கமே அப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருந்தது. இத்துறையின் முன்னோடி இதழான ‘கிராடாடி’ 1966இல் தொடங்கியது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் முதல் பிரதி 1967 நவம்பரில், ஆல்பம் வெளிவந்து எட்டு மாதங்கள் கழித்தே வந்தது. நாளேடுகளில் பாப் இசை பெரும்பாலும் கேளிக்கைச் செய்தியாகவே இருந்தது. ஆகவே ‘விமர்சகர்கள் புறக்கணித்தார்கள்’ என்று சொல்வதற்குக்கூட, புறக்கணிக்கப் போதுமான விமர்சகர்கள் அன்று இல்லை.

இருந்த சிலர் எழுதியவை ஒரே குரலில் இல்லை. ‘வில்லேஜ் வாய்ஸ்’ ஏட்டில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன், இது எளிதில் பிடித்துப்போகும் குழு அல்ல என்றும், சில பாடல்கள் பிறருடையவற்றின் நகல், சில சலிப்பூட்டுபவை என்றும் குறை கூறினார். அதே கட்டுரையில் ‘ஹெராயின்’ போன்றவற்றை உயர்வாக மதித்துக் குழுவின் முக்கியத்துவத்தையும் ஒப்புக்கொண்டார். இன்று படிக்கும்போதும் நியாயமான மதிப்பீடாகவே அது தோன்றுகிறது. ‘வைப்ரேஷன்ஸ்’ என்ற சிறிய இதழ் காதின் மீதும் மூளையின் மீதும் தொடுக்கப்பட்ட முழுமையான தாக்குதல் என்று இந்த இசையை வர்ணித்தது. அந்த மதிப்புரை பெரும்பாலும் பாராட்டாகவே இருந்தது.

கடுமையான எதிர்ப்பு வந்ததும் உண்மைதான், ஆனால் அது ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, மேடை நிகழ்ச்சிகளை நோக்கி வந்தது. 1966இல் வார்ஹோல் இக்குழுவைத் திரைப்படம், ஒளிவீச்சு, சாட்டை நடனம் ஆகியவற்றுடன் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார். மேற்குக் கரையில், அன்பும் மலரும் பேசிய ஹிப்பி இயக்கத்தின் தலைநகரான சான் பிரான்சிஸ்கோவில், இந்தக் கறுப்புடைக் குழுவை யாருக்கும் பிடிக்கவில்லை. அவ்வூர் ‘கிரானிக்கிள்’ நாளேட்டின் மூத்த விமர்சகர் ரால்ஃப் கிளீசன் கடுமையாகச் சாடினார். அடுத்த ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பிறந்த ராக் விமர்சனத்தின் வலுவான மேடை, இக்குழுவின் அழகியலுக்கு எதிர்த்திசையில் இருந்த ஒரு நகரத்தில் அமைந்தது. குழுவினருக்கும் மேற்குக் கரை மேல் மதிப்பில்லை. பகை இருபுறமும் இருந்தது. பத்திரிகைகள் தங்கள் மேடை நிகழ்ச்சியைப் பற்றி எழுதிய திகைப்பான வரிகளை அவர்கள் ஆல்பத்தின் உட்புற உறையிலேயே அச்சிட்டுக்கொண்டார்கள். இகழ்ச்சியையே விளம்பரமாக்கும் இந்தத் துணிச்சல் வார்ஹோலின் பட்டறையில் கற்றது.

மதிப்பு மாறியது எப்படி? விமர்சகர்கள் ஒரு நாள் விழித்தெழுந்து திருந்தவில்லை. முதலில் மாறியவர்கள் இசைக் கலைஞர்கள். ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியின் மேலாளர் 1966இன் இறுதியில் நியூயார்க்கிலிருந்து ஆல்பத்தின் வெளியீட்டுக்கு முந்தைய பிரதி ஒன்றைக் கொண்டு வந்தார். ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே போவி அதிலிருந்து ‘ஐம் வெயிட்டிங் ஃபார் தி மேன்’ பாடலை லண்டனில் பாடத் தொடங்கிவிட்டார். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் எழுந்த பங்க் இசைக்குழுக்கள், குறைந்த கார்டுகள், நயமற்ற குரல், தெருவின் மொழி என்று இந்த ஆல்பத்தின் வழியைத் தங்கள் வழியாக்கின. அந்த இசை பரவியபோது அதற்கு மூலம் எது என்று விமர்சகர்கள் தேடினார்கள். தேடியபோது இந்த ஆல்பம் கிடைத்தது. விமர்சகர் எலன் வில்லிஸ் 1979இல் எழுதிய நீண்ட கட்டுரை, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடல்களைப் பாவம், மீட்சி என்ற கோணத்தில் கூர்ந்து வாசித்தது. அத்தகைய எழுத்து 1967இல் எந்த ராக் ஆல்பத்துக்கும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

செக்கோஸ்லோவாகியாவில் கதை வேறு திசையில் சென்றது. 1968இல் சோவியத் படைகள் நுழைந்த சில வாரங்களில் பிராகில் தோன்றிய ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’ குழு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பாடல்களை வாசித்தே வளர்ந்தது. 1976இல் அக்குழுவைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டு வழக்கைச் சந்தித்தபோது, நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் போன்றோர் திரண்டனர். ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை அறிக்கை அதிலிருந்தே பிறந்தது. ஹாவெல் பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார், 1990இல் லூ ரீடைப் பிராகில் வரவேற்றார். அரசியலையே பேசாத பாடல்கள் அரசியலில் இப்படி வந்து சேர்ந்தன.

இந்த ஆல்பத்தைப் பற்றி எவர் எழுதினாலும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ சொன்ன ஒன்றை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் 30,000 பிரதிகளே விற்றன, ஆனால் அவற்றை வாங்கிய ஒவ்வொருவரும் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள் என்பது 1982இல் அவர் அளித்த நேர்காணலின் சாரம். எண்ணிக்கையைத் தமக்குச் சொன்னவர் ரீட் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். பின்னர் வெளிவந்த எம்ஜிஎம் கணக்குத்தாள் ஒன்று 1969 பிப்ரவரி நடுப்பகுதி வரை 58,476 பிரதிகள் விற்றதாகக் காட்டுகிறது. அறிமுகக் குழு ஒன்றின் முதல் ஆல்பத்துக்கு அது அவமானகரமான எண்ணிக்கையன்று. ஈனோவின் வாசகம் நகைச்சுவையான மிகையாகச் சொல்லப்பட்டது. அதைப் புள்ளிவிவரமாக்கியது பின்னால் வந்த எழுத்தாளர்கள். புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற கதைக்குச் சிறிய எண் வசதியாக இருந்தது.

அதன் பிறகு அங்கீகாரங்கள் வரிசையாக வந்தன. 1996இல் குழு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. முந்தைய ஆண்டே ஸ்டெர்லிங் மாரிசன் மறைந்திருந்தார். 2003இல் ‘ரோலிங் ஸ்டோன்’ வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இது 13ஆம் இடத்தில் இருந்தது. 2020 பட்டியலில் 23ஆம் இடம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதை 2006க்கான பட்டியலில் சேர்த்தது. இத்தகைய பட்டியல்களை அளவுக்கு மீறி மதிக்க வேண்டியதில்லை. எல்லோரும் பாராட்டும் ஆல்பத்தைக் குறை சொல்ல இன்றைய விமர்சகருக்குத் துணிவு வேண்டும். கோல்ட்ஸ்டீன் 1967இல் சுட்டிய குறைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, யாரும் சொல்வதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

புதிதாகக் கேட்பவர்கள் ஆல்பத்தின் வரிசையிலேயே கேட்பது நல்லது. மென்மையான பாடலும் முரட்டுப் பாடலும் மாறி மாறி வரும்படி அது அடுக்கப்பட்டிருக்கிறது. ‘யூரோப்பியன் சன்’ பொறுமையைச் சோதித்தால் முதல் தடவை அதை விட்டுவிடலாம். ஓரளவு பழகிய பிறகு, செப்டர் கூடத்தில் பதிவான முதல் வடிவத்தையும் தேடிக் கேட்கலாம். கொலம்பியாவுக்கு அனுப்புவதற்காக வெட்டப்பட்ட அந்த மாதிரித் தட்டு ஒன்று 2002இல் நியூயார்க் தெருவோரக் கடையில் 75 சென்ட்டுக்கு ஒருவர் கையில் கிடைத்து, 2006இல் இணைய ஏலத்தில் 25,200 டாலருக்குப் போனது. 2012இல் ஆல்பத்தின் 45ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் பாடல்கள் முறையாக வெளியாயின. அதில் ‘ஹெராயின்’ பாடலின் முதல் வரியில் ரீட், தாம் எங்கே போகிறோம் என்பது தமக்குத் தெரியும் என்று பாடுகிறார்; வில்சன் ஹாலிவுட்டில் மறுபடி பதிவு செய்த, உலகம் அறிந்த வடிவத்தில், தெரியவில்லை என்று பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மறுபதிவு ஒலியின் தரத்தை மட்டும் மாற்றவில்லை என்பது புரியும்.